நூற்காதலும் உடைமைப் பற்றும்

சென்னையில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய புத்தகக் கண்காட்சியிலிருந்து பை நிறைய நூல்களுடன் வீடு திரும்பும் இளைஞரை நாம் அறிவோம். சிற்றுண்டிச் செலவைக் குறைத்து நூல் வாங்குவார். அட்டையிட்டுப் பெயரெழுதி அழகாக அடுக்கி வைப்பார். ஆயினும், அடுத்த வீட்டுத் தம்பி ஒரு நூலை இரவல் கேட்டால் அவர் முகம் வாடிவிடுகிறது. இது நூற்காதலா, உடைமைப் பற்றா?

அவரை எள்ளுவது நம் நோக்கமன்று. இரவல் நூல் ஓர் அமானிதம் என்பதைப் பெறுவோர் மறந்ததனாலன்றோ தருவோர் கை சுருங்கிற்று!

எனினும், 9ஆம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த பேரறிஞர் அல்ஜாஹிழை நினைத்துப் பாருங்கள். நூல் வணிகரின் கடைகளை வாடகைக்குப் பெற்று, இரவெல்லாம் அங்கே தங்கிப் படிப்பார் என இப்னு நதீம் குறிப்பிடுகிறார். விடிந்தால் நூல்கள் வணிகருடையவை, கற்றதோ அவருடையதாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதாகும். மேலைநாட்டு நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்திருந்த காலமும் உண்டு. பூட்டிய அலமாரியும் அத்தகைய சங்கிலியே.

ஆதலின், வாங்கும் ஆர்வம் குறைய வேண்டா. யாருக்கு, எந்நாளில் தந்தோம் என ஏட்டில் குறித்துக்கொள்ளவும் கூச வேண்டா. ஆனால் கொடுப்போம். கேட்டு நிற்கும் தம்பிக்கு வாங்கும் வசதி வரும்வரை, அவனுடைய படிக்கும் பருவம் காத்திராது.