வேஷமும் வாய்மையும்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசையில், ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஆழ்வாரைச் சேவிக்க வருகிறவர்கள், அவருடைய வலத் திருவடிப் பெருவிரலில் உள்ள கண்ணையும் சேவித்த பிறகே மனநிறைவு கொள்வார்கள். பக்திஸாரர் என்று போற்றப்படும் அந்த மஹான், சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொரு சமயத்திலும் புகுந்து, ஆராய்ந்து, வெளிவந்து, முடிவில் பேயாழ்வாரால் திருமாலுக்கு ஆட்பட்டார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். இத்தனை மாறுதல்களைக் கண்டவரைச் சஞ்சல புத்திக்காரர் என்று உலகம் இகழவில்லை. அப்படியானால், கோலத்தை மாற்றிக்கொள்வதனாலேயே ஒரு மனிதனின் வாய்மைக்குப் பங்கம் நேர்ந்துவிடுமா?

இக்கேள்வியை நம் காலத்தில் எழுப்பியது சோ ராமசாமியின் வாழ்க்கை. 1934-ல் பிறந்து, வக்கீலாக இருந்து, நாடக மேடையிலும் 1963-ன் ‘பார் மகளே பார்’ முதலாகத் திரையிலும் ஜனங்களைச் சிரிக்க வைத்த அவர், 1970 ஜனவரி 14 அன்று ‘துக்ளக்’ பத்திரிகையைத் தொடங்கினார். பின்னாளில் ஜெயா தொலைக்காட்சியில் வந்த ‘எங்கே பிராமணன்’ தொடரில், கதையை நடுவே நிறுத்திவிட்டுச் சாஸ்திர விளக்கம் கூறும் ஆசிரியராகவே தோன்றினார். நேற்றுவரை விதூஷகனாக நின்றவன் இன்று தர்மாதர்மம் பேசலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

அந்த ஐயம் புராதனமானது. தாலபுடன் என்ற கூத்தர் தலைவன் புத்தரை அணுகி, ஜனங்களைச் சிரிக்க வைக்கும் நடனுக்கு என்ன கதி என்று வினவியதையும், விடை கூற அவர் தயங்கியதையும், வற்புறுத்திய பிறகே, தானும் மதிமயங்கிப் பிறரையும் மயக்குகிறவனுக்கு நற்கதி இல்லை என்று உரைத்ததையும் பாலி நூல்கள் சொல்கின்றன. அழுதுகொண்டே துறவு பூண்ட அவன் பிறகு அர்ஹந்தன் ஆனான். ஆக, தோஷம் அரிதாரத்தில் இல்லை. அதைப் பூசியவனின் மயக்கத்தில்தான் இருக்கிறது.

இதையே சோ 1968-ல் மேடையேற்றிய ‘முகம்மது பின் துக்ளக்’ நாடகத்திலும் காணலாம். அரசியலின் புரட்டை ஜனங்களுக்கு உணர்த்துவதற்காகத் துக்ளக் வேஷம் போட்டுப் பிரதமராகிவிட்ட மகாதேவன் வேஷத்தைக் கலைக்க முற்படுகையில், யாத்ரிகன் இபின் பதூதாவாக வேஷமிட்டு உடன் வந்த தோழன் பதவி ருசியில் கலைக்க மறுக்கிறான். மெய்யைச் சொல்ல வந்தவன் கூட்டத்தின் கையில் மடிகிறான். இருவரும் போட்டது ஒரே விதமான வேஷம். ஒருவன் அதை அணிந்தான், மற்றவன் அதுவாகவே ஆகிவிட்டான். அப்படிப்பட்ட நாடகத்தின் பெயரையே, கிறுக்கன் என்று ஜனங்கள் நகைக்கும் சுல்தானின் பெயரையே, பத்திரிகைக்குச் சூட்டியவர், பரிகாசத்திலிருந்து தம்மை விலக்கிக்கொள்ளவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

வித்யாரண்யர் பஞ்சதசியில் நாடகதீபம் என்றொரு பிரகரணம் வகுத்து, அரங்கின் விளக்கு தலைவனுக்கும் சபையோருக்கும் நர்த்தகிக்கும் பேதமின்றி ஒளி தந்து, அவர்கள் சென்ற பின்னும் எரிவது போல, ஸாக்ஷியான ஆத்மா விளங்குகிறது என்கிறார். பத்திராதிபர்கள் தம்மை அவ்விளக்காகவே பாவிக்க விரும்புவார்கள். ஆனால், அவர்களும் அரங்கில் ஆடுகிறவர்களே. நெருக்கடி நிலையின்போது அட்டையைக் கறுப்பாக அச்சிட்டுத் தணிக்கையை எதிர்த்த சோ, நெடுநாள் தாம் கண்டித்து வந்த தி.மு.க.வுக்கும் த.மா.கா.வுக்கும் 1996-ல் கூட்டணி அமையத் துணை நின்றார். பிறகு வேறு பக்கம் பேசினார். அவரைப் பக்ஷபாதி என்றவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்தனின் தேட்டம் சரணாகதியில் நிறைவு பெறலாம்; பத்திரிகைத் தொழிலுக்கோ அப்படியொரு சரணாலயம் கிடையாது, கிடைத்துவிட்டால் அது துதிபாடலாகிவிடும்.

ஆகையால், பத்திராதிபர் பீடத்துக்கு ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதைக் காட்டிலும், போட்ட வேஷத்தைக் கழற்றத் தெரிந்தவனா என்று கேட்பதே நியாயம். அதை, வாழ்நாளில் ஒரு தடவைகூட அரிதாரம் பூசாத பத்திராதிபர்களிடமும் நாம் தாராளமாகக் கேட்கலாம்.