அறியாத அன்பு அறமாகுமா?

நற்கருத்தோடு செய்த செயல் தீங்காய் முடியின், கருத்து நல்லதென்பதால் செய்தவன் பழியினின்று நீங்குவானோ? இவ்வினாவை நாம் ஒரு வாயில்லாப் பிராணியின் வழியே ஆராயப் புகுகின்றோம்.

வளர்த்த நாய் முதுமையுற்று, மிகுதியாக நீர் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழித்து, மெலிந்து, உணவை வெறுக்குமாயின், அதன் சிறுநீரகம் பழுதுற்றிருத்தல் கூடும். மனமிரங்கிய எசமானன் தான் உட்கொள்ளும் வலி மாத்திரையொன்றைச் சோற்றில் மறைத்து ஊட்டுகின்றான். ஐபுப்ரோபென் போன்ற அம்மருந்தோ, சிறுநீரகத்தின் இரத்தவோட்டத்தைக் காக்கும் பொருள்கள் உடலில் உண்டாகாமல் தடுப்பது. நோயுற்ற நாய்க்கு அது நஞ்சேயாகும். கொடுத்ததும் அன்பு, கெடுத்ததும் அவ்வன்பே!

“நாய்க்குரிய மருந்தையே கொடுப்போம்” என்பாரும் உளர். அதுவும் ஆராய்ந்தே கொடுக்கத்தக்கது. சிறுநீரில் புரதம் கசியின் பெனாசெப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான். இரத்த அழுத்தம் மிகின் அம்லோடிபின். இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகின், உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும் அலுமினியம் ஹைட்ராக்சைடு. பின்னது உணவோடு சேர்ந்தாலன்றிப் பயன் தராது. பெனாசெப்ரிலும் டெல்மிசார்ட்டானும், வாந்தி பேதியால் உடல்நீர் வற்றிய நாய்க்குக் கேடு செய்யும். ஆதலின், இரத்தத்தையும் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, நோய் 4 படிகளில் எப்படியில் உள்ளதென அறிந்த பின்னரே மருத்துவர் மருந்தும் அளவும் குறிப்பர்; மருந்து தொடங்கிய பின்னரும் மறுமுறை சோதிப்பர். அண்டைவீட்டு நாய்க்குக் குணமளித்த மருந்து நம் வீட்டு நாய்க்கும் ஆகுமென எண்ணுதல் பேதைமை.

“மனிதர்க்கே மருந்தில்லை, நாய்க்கு இத்துணைச் செலவா?” என்று கேட்கும் ஏழையை நாம் இகழோம். ஆயினும், பொருளின்றியும் செய்யத்தக்க கடமைகள் உள. அடிக்கடி சிறுநீர் கழிக்கின்றதென்று சினந்து குடிநீரை மறைத்தல் பெருங்கொடுமை. இழந்த நீரை ஈடுசெய்யவன்றோ அது குடிக்கின்றது! தூய நீரை எப்பொழுதும் வைத்தலும், நம் மாத்திரைகளை அதற்கு ஊட்டாமையும் காசின்றிச் செய்யும் அறங்களாம்.

இந்நாட்பட்ட நோயை மருந்து முற்றும் நீக்குவதன்று. அதன் வேகத்தைத் தணித்துத் துன்பத்தைக் குறைப்பதேயாம். ஆதலின், இறுதிப் படியில், “இம்மருந்து அதன் நலத்துக்கோ, நமது பிரிவாற்றாமைக்கோ?” என நம்மையே நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மனித நோயாளி, “வேண்டாம்” எனலாம். “இங்கே நோகின்றது” எனலாம். நாய்க்கோ அவ்வுரிமையில்லை. நாம் நீட்டுவதை நம்பி விழுங்குகின்றது. அந்நம்பிக்கையே நம் பொறுப்பை இருமடங்காக்குகின்றது. அறிய வழியில்லாதவன் செய்த பிழையை உலகம் பொறுக்கும். கேட்டறிய வழியிருந்தும் கேளாதவனை நற்கருத்து காவாது. அன்பு அறமாவது அறிவோடு கூடியபொழுதேயாம்.