யாருக்காக எரியும் விளக்கு?

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகுகளில் அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகும் அடியார் இருப்பர். அரிசியும் சீனியும் சிமெந்தும் இருக்கும். தேசிய மின்வலைக்கு எட்டாத அத்தீவுக்கு நெடுங்காலம் ஒளி தந்த மின்பிறப்பாக்கிகளின் டீசலும் கடல் கடந்தே போகவேண்டியிருந்தது. காற்றும் வெயிலுமோ அங்கேயே உண்டு.

இவ்வெளிய உண்மையிலிருந்து நல்லதொரு திட்டம் பிறந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றையும் சூரியனையும் மின்கலத்தையும் இணைத்து மின்சாரம் ஆக்குவது; டீசலைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியை நம்பி, சீன நிறுவனமொன்றுக்கு அமைச்சரவை அதனை வழங்கியது. தன் கரைக்கருகே சீனா வருவதை இந்தியா எதிர்த்தது. ஆண்டு முடியுமுன் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியா அதைத் தன் நன்கொடையாக ஏற்றது. 2024 மார்ச்சில், 530 கிலோவாட் காற்று மின்சாரத்துக்கும் 1,700 கிலோவாட் சூரிய மின்சாரத்துக்குமாகப் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமாயிற்று.

இக்கதையில் வல்லரசுகள் பேசின, வங்கி பேசிற்று, நிறுவனங்கள் பேசின. அந்த விளக்கின் கீழ் உலை வைக்கப்போகும் தீவுப் பெண் பேசியதை நாம் படித்த செய்திகளில் காணவில்லை.

அரசும் தொழில் நிறுவனமும் பல்கலைக்கழகமும் கைகோத்தால் புத்தாக்கம் பெருகும் என்கின்றனர். நாம் மறுக்கவில்லை, தீவுக்கு மூலதனமும் வேண்டும், அரசின் ஆணையும் வேண்டும். ஆயினும், எவருக்காகக் கைகோக்கிறோம் என்று கேட்பவர் யார்? அரசு எல்லையை எண்ணும். நிறுவனம் ஆதாயத்தை எண்ணும். கேட்கும் கடமை மூன்றாமவருக்கே உரியது என்பது நம் துணிபு.

ஏனெனில், பல்கலைக்கழகம் கடன்பட்டிருக்கிறது. 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம் என்கிறோம். அந்த இலவசத்துக்கு விலை கொடுத்தவருள், வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் வரி செலுத்திய தீவுக் கடற்றொழிலாளியும் ஒருவன் அன்றோ? 1974இல் தோன்றிய யாழ்ப்பாண வளாகம் இன்று பல்கலைக்கழகமாய் வளர்ந்து, கிளிநொச்சியில் பொறியியற் பீடமும் நடத்துகிறது. அதன் மாணவன் தீவுக்குப் போகட்டும். உப்புக்காற்றில் எந்தப் பாகம் முதலில் துருவேறும், பழுதானால் திருத்துவோன் எங்கிருந்து படகேறி வரவேண்டும், தீவின் இளைஞனே அத்தொழிலைக் கற்கலாகாதா என்று அம்மக்களோடு அமர்ந்து ஆராயட்டும். அங்கே பிறப்பதையே புத்தாக்கம் என்போம். அவ்வாறு ஆராயாது, நிறுவனம் நீட்டும் வரைபடத்தில் ஒப்பமிடும் பட்டதாரி, பட்டம் பெற்றும் கடன் தீர்க்காதவனே.

நன்கொடையாக வரும் இயந்திரத்துக்கு நன்றி சொல்வோம். அதை ஓட்டவும் திருத்தவும் வேண்டிய அறிவை எவரும் நன்கொடையாகத் தரமாட்டார். அதை நாமே படகேற்றிக் கொண்டுபோக வேண்டும்.