உயிரை எடுக்கக் காரணம் எழுது

தீர்ப்பு நாளில் கூண்டில் நிற்பவரின் காது ஒரே ஒரு சொல்லுக்குத்தான் காத்திருக்கும்: விடுதலையா, தண்டனையா? சட்டம் நீதிபதியிடம் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவதில்லை. ‘ஏன்?’ என்றும் கேட்கிறது. பதிலை எழுத்தில் கேட்கிறது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 354. தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை என்ன, அதில் நீதிமன்றத்தின் முடிவு என்ன, அந்த முடிவுக்குக் காரணங்கள் என்ன என்பவை தீர்ப்பில் இருந்தாக வேண்டும். தண்டித்தால் எந்தக் குற்றம், எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு தண்டனை என்று குறிக்க வேண்டும். விடுவித்தால் எந்தக் குற்றத்திலிருந்து என்று எழுதி, அவரை வெளியே விடவும் உத்தரவிட வேண்டும்.

இவற்றில் கடினமானது காரணம்தான். அரசுத் தரப்பின் முதல் சாட்சி என்ன சொன்னார், இரண்டாம் சாட்சி என்ன சொன்னார் என்று வரிசையாக எடுத்தெழுதிவிட்டு, ‘ஆகவே குற்றம் நிரூபணமாகிறது’ என்று முடித்தால் அது காரணம் ஆகாது. நீதிபதி யாரை நம்பினார், எதனால் நம்பினார், குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு எழுப்பிய சந்தேகம் ஏன் நிற்கவில்லை என்பதற்கெல்லாம் விடை வேண்டும். சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் விசாரணை நீதிபதி. மேல்முறையீட்டை விசாரிப்பவர் முன்னால் இருப்பது காகிதக் கட்டு மட்டுமே.

காரணம் எழுதும் கடமையை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதிலேயே ஒரு நாட்டின் மனம் தெரிந்துவிடும். ஆங்கிலேயர் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் அதைவிடக் குறைந்த தண்டனை தந்தால், ஏன் தூக்கு தரவில்லை என்று நீதிபதி எழுத வேண்டியிருந்தது. உயிரை விட்டுவைக்கத்தான் விளக்கம் தேவைப்பட்டது! 1955இல் வந்த திருத்தம் அந்த வரியை நீக்கியது. 1973இன் சட்டம் அதைத் தலைகீழாகத் திருப்பியது: தூக்கு விதித்தால் ‘சிறப்புக் காரணங்கள்’ எழுத வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று எல்லை வகுத்தது. மரண தண்டனையே கூடாது என்று நினைப்பவன் நான். ஆனாலும் அந்த 1973ஆம் ஆண்டு வரியை நன்றியோடுதான் படிக்கிறேன்.

இன்னொன்று, இதைப் பலர் அறிவதில்லை. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு வாசித்த உடனேயே அதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் சட்டம். அவர் விரும்பினால், இயன்றவரை அவருடைய மொழியிலேயே மொழிபெயர்ப்பும் கேட்கலாம். குடும்பத்தார் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். மேல்முறையீட்டு மனுவை வழக்கறிஞர் எழுதத் தொடங்குவது அதிலுள்ள காரணங்களிலிருந்துதான்.