வரப்பில் நிற்பவனின் அறம்

பெரும்போக மழை விழுந்ததும் மகாவலியை அண்டிய வில்கமுவ வயல்களில் தும்பிகளைத் தேடி நடக்கிறேன். சிறகு விரித்தமர்வது தும்பி. பெரும்பாலும் மடித்தமர்வது ஊசித்தும்பி. இந்திய, இலங்கைத் தும்பிகளை இராணுவ மருத்துவர் பிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளில் வகைப்படுத்தினார். முழங்காற் சேற்றில் நிற்கும் உழவனுக்கு அந்த ஓய்வு ஏது?

தும்பியின் குடம்பி நீரில் வாழ்ந்து நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். நெற்பூச்சிக்கு அடிக்கும் மருந்து அதையும் கொல்லும். இதை அறிந்த நான், கடன்பட்டு விதைத்தவனிடம் மருந்தடிக்க வேண்டாமென்று கூறலாமா? விளைச்சல் பொய்த்தால் என் சம்பளத்தில் ஒரு சதமும் குறையாது. அவன் மனைவியின் காப்பு அடகுக்குப் போகும். நான் இரசிப்பதற்கான செலவை அவன் தலையிற் சுமத்துவதும் சுரண்டலன்றோ? ஆயினும் வாய்மூடி இருக்க மனம் ஒப்பவில்லை. அந்த வாய்க்காலில்தான் அவன் பிள்ளைகள் குளிக்கின்றனர்.