உறங்கத் தெரிந்த ரோஜா

ஒன்டாரியோவில் மே மாத விக்டோரியா நாள் விடுமுறை வந்துவிட்டால் நர்சரிகளில் நிற்க இடம் இருக்காது. இனி உறைபனி விழாது என்ற நம்பிக்கையில் ஊரே செடி வாங்கக் கிளம்பிவிடும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிறு அட்டை செருகியிருப்பார்கள். பூவின் படம் பெரிதாக இருக்கும். ‘மண்டலம் 4’, ‘மண்டலம் 6’ என்ற எண் ஓரமாக இருக்கும். எண் குறையக் குறையச் செடி தாங்கும் குளிர் கூடும். நான் எண்ணைத்தான் முதலில் தேடுவேன். ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருமுன் இந்த மண்ணில் அதனால் பிழைக்க முடியுமா என்று கேட்பது அதற்குச் செய்யும் முதல் மரியாதை. பராமரிப்பின் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த எண்கள் மண்டல வரைபடங்களிலிருந்து வருபவை. அமெரிக்காவின் வரைபடம் அந்தந்த இடத்தின் கடுங்குளிர் அளவை மட்டும் வைத்து வரையப்பட்டது. 1967இல் கனடா வெளியிட்ட வரைபடம் ஏழு விவரங்களைக் கணக்கில் எடுத்தது. கடுங்குளிரோடு, உறைபனி இல்லாத நாட்கள் எத்தனை, கோடை எவ்வளவு சூடு, எவ்வளவு மழை, தரையில் பனி எவ்வளவு ஆழம், காற்று எவ்வளவு வேகம் என்றெல்லாம் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஜனவரி மழையும் இருக்கிறது. ஆழமான பனிக்கு அடியில் மாதக்கணக்கில் பத்திரமாகக் கிடக்கும் செடி, நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயில் அடித்து, மழை பெய்து, மறுபடி உறைந்தால் செத்துவிடக்கூடும். ஈரமண் உறையும்போது உப்பி, வேரையே மேலே தள்ளிவிடும். தொடர்ந்து நீடிக்கும் குளிரைவிட, நம்பவைத்துத் திரும்பி வரும் குளிர் பொல்லாதது. தெற்குச் சுவரை ஒட்டி, வெயில் படும்படி நட்ட செடி பிப்ரவரியிலேயே விழித்துக்கொண்டு அவதிப்படுவதும் இதனால்தான்.

அந்தக் குளிரைச் செடி எப்படித் தாங்குகிறது? ஆகஸ்டிலிருந்து பகல் சுருங்குவதை அது உணர்கிறது. வளர்வதை நிறுத்துகிறது. நுனியில் மொட்டை மூடிக்கொள்கிறது. குளிர் இறங்க இறங்க உயிரணுக்களில் சர்க்கரை சேர்கிறது. உள்ளேயிருக்கும் நீர் மெல்ல வெளியேறி, உயிரணுக்களுக்கு இடையே உள்ள வெளியில் பனிக்கட்டியாகிறது. உள்ளே பனி முளைத்தால் உயிர் போய்விடும். வெளியே உறைந்தால் பிழைத்துக்கொள்ளும். ஜூலையில் லேசான உறைபனிக்கே கருகிவிடும் அதே கிளை, ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியிலும் உயிரோடு நிற்கிறது. இடையில் நடந்தது இந்த ஆயத்தம்தான். வளர்வதை நிறுத்தியதால் வந்த வலிமை இது.

தோட்டக்காரரின் அன்பு குறுக்கே வருவதும் இங்கேதான். ஆகஸ்டு பிற்பகுதியில் தழைச்சத்து உரம் போட்டால் செடி மகிழ்ச்சியாகத் துளிர்விடும். அந்த இளந்தளிர் முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிடும். போதும் என்று கைகாட்டிய பிறகும் இலையில் சோறு வைக்கிறோமே, அந்தப் பாசம் ரோஜாவுக்கு ஆகாது. செப்டம்பரில் வாடிய பூக்களை நறுக்குவதைக்கூட நிறுத்திவிட வேண்டும். பூ காயாக மாறினால் இந்த ஆண்டு வேலை முடிந்தது என்று செடி அடங்கத் தொடங்கும்.

ஒட்டாவாவின் மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டா என்ற பெண் விஞ்ஞானி 1961இல் குளிர் தாங்கும் ரோஜாவுக்கான ஆராய்ச்சியைத் தொடங்கினார். வியன்னாவில் பிறந்தவர். ரோஜாவுக்கு மண் அணைத்து, சாக்கு சுற்றிக் காப்பாற்றுவதே அன்றைய வழக்கம். அவர் தம் நாற்றுகளை எந்த மூடாக்கும் இல்லாமல் ஒட்டாவா குளிரில் விட்டார். பிழைத்தவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுத்தார். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் மனிதக் கை வந்து மூடினால்தான் உயிர் வாழும் என்ற நிலையில் ஒரு செடியை உலகுக்கு அனுப்புவதைவிட இது கருணையானது என்றே நான் நம்புகிறேன்.

அந்த ரோஜாக்களுக்குக் கடலோடிகளின் பெயர்களை வைத்தார்கள்: மார்ட்டின் ஃப்ரோபிஷர், ஹென்றி ஹட்சன், ஜான் ஃப்ராங்க்ளின், வில்லியம் பாஃபின். இவர்களில் ஹட்சன் 1611இல் கலகம் செய்த மாலுமிகளால் சிறுபடகில் கைவிடப்பட்டு, திரும்பவேயில்லை. ஃப்ராங்க்ளின் 1847இல் ஆர்க்டிக்கில் இறந்தார். 1974இல் வெளியான ஒரு ரோஜாவுக்கு ஜென்ஸ் முங்க் என்று பெயர். அந்த டேனிஷ் மாலுமி 1619இல் ஹட்சன் விரிகுடாக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் அவரும் இன்னும் இருவரும் மட்டுமே நாடு திரும்பினார்கள். குளிரோடு போராடிய மனிதர்களின் பெயரில், குளிரைக் கடக்கும் பூக்கள் இன்று தெருவோரம் நிற்கின்றன.

இந்த ரோஜாக்களில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், அவை பெரும்பாலும் சொந்த வேரில் வளர்வது. ஒட்டுக்கட்டிய ரோஜா ஒட்டுக்கு மேலே செத்துப்போனால், கீழேயிருந்து வேறொரு காட்டுரோஜா முளைத்துவரும். சொந்த வேர்ச்செடி தரைமட்டம்வரை கருகினாலும் அதே பூவோடு எழும்.

ரோஜாவுக்குத் தெரிந்த ஓய்வு எங்களுக்குத் தெரியவில்லை. டொரண்டோ பக்கம் வாழும் தமிழர்களில் என் தலைமுறை, இரண்டு வேலை பார்த்து வீட்டுக் கடனை அடைத்தது. ஓய்வு என்றாலே எங்களுக்குச் சோம்பல் என்று காதில் விழும். உடம்பு முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, அறுபது கடந்தும் இன்னொரு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். என்னிடமும் அந்தப் பழக்கம் இருக்கிறது. எப்போது நிறுத்துவது, நிறுத்தினால் தோற்றதாகுமா என்ற கேள்வி ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தோட்டத்தில் என்னோடு நிற்கிறது. தளர்ந்தபின் நிறுத்துவது வேறு. ரோஜா தளர்ந்து நிறுத்துவதில்லை. செப்டம்பர் வெயில் இன்னும் இதமாக இருக்கும்போதே நிறுத்துகிறது. அந்த முன்யோசனை எனக்கு வேண்டும்.

மல்லிகையையும் செம்பருத்தியையும் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஜன்னலோரம் காப்பாற்றுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பூக்களுக்காகச் செய்கிற உழைப்பு அது. ஆனால் பியோனி என்ற பூச்செடி வேறு பாடம் சொல்கிறது. கிழங்கின் மொட்டுகள் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழப்படாமல் நட்டுவிட்டால் பல பத்தாண்டுகள் பூக்கும். போதிய குளிர் கிடைக்காத ஊரில் வெறும் இலையாகவே நிற்கும். அதற்குக் குளிர் ஒரு தேவை.

எங்கள் வீட்டு முன்புறம், பனி அள்ளும் வண்டி சாலை உப்போடு சேர்த்துக் குவிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜென்ஸ் முங்க் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அது ருகோசா வகை. கிழக்காசியக் கடற்கரை மணலிலிருந்து வந்த குடும்பம், உப்பு அதற்குப் புதிதல்ல. முதல் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவேன். ஆகஸ்டு பிறந்ததும் உரமூட்டை உள்ளே போய்விடும்.