காலத்தின் மேல் போடும் பழி

மனிதர் யாவரும் சமம் என்று 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். இதைச் சொன்னதும் 'அந்தக் காலம் அப்படி' என்று பதில் வரும். அது எடுத்த எடுப்பில் தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல. அவருடைய வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டது 1619-இல். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமையே என 1662-இல் சட்டம் வந்தது. ஜெஃபர்சன் பிறந்தபோது இது பாட்டன் காலத்துப் பழக்கம். பழக்கத்துக்குள் பிறந்தவனுக்கு அதன் கொடுமை கண்ணில் படாமல் போகலாம்.

ஆனால் ஜெஃபர்சனுக்குக் கண்ணில் பட்டது. பிரகடனத்தின் முதல் வரைவில் அடிமை வணிகத்தை அவர் கடுமையாகக் கண்டித்திருந்தார் (பழியை மட்டும் இங்கிலாந்து மன்னர் தலையில் கட்டினார்). அமெரிக்கக் காங்கிரஸ் அந்தப் பத்தியை நீக்கியது. அதை ஏற்காத தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் பிரிந்து போனால் விடுதலைப் போரே தோற்றுவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஒற்றுமைக்காகப் பொது அறத்தை ஒத்திவைத்தார்கள் என்று இதை ஏற்கலாம். ஆனால் தன் சொந்தப் பண்ணையில் இருப்பவர்களை விடுவிக்க யாருடைய ஒற்றுமை வேண்டும்? உரிமையாளரே அடிமைகளை விடுவிக்க 1782-இல் வர்ஜீனியாச் சட்டம் வழிவிட்டது. விடுதலை பெறுவோர் ஓராண்டுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 1806-இல் இன்னொரு சட்டம் நெருக்கும்வரை, அந்த வழி 24 ஆண்டுகள் பெரிய தடையின்றித் திறந்திருந்தது.

அந்த வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. நோமினி ஹால் பண்ணையின் மூன்றாம் ராபர்ட் கார்ட்டர் அதே வர்ஜீனியாவின் பெருநிலக்கிழார். அவருடைய பாட்டனார் மாகாணத்தின் மிகப் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவர். 1791-இல் கார்ட்டர் ஒரு பத்திரம் எழுதி, 450-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்க ஏற்பாடு செய்தார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அக்கம்பக்கத்துப் பண்ணையார்கள் கொதித்தார்கள். இரண்டாண்டில் அவர் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தார், விடுதலை நிற்கவில்லை. அவரைப் புனிதராக்கவும் வேண்டாம்: அறுபதைத் தாண்டும்வரை அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தவர்தான். இருந்தும், அந்தக் காலத்தில் அந்த வர்க்கத்தில் அந்த மண்ணில் இது முடியும் என்று காட்டிவிட்டார். பள்ளிப் புத்தகங்களுக்கு அவர் பெயர் தேவைப்படாததில் வியப்பில்லை.

அந்தக் காலம் என்றால் யாருடைய காலம் என்றும் கேட்க வேண்டும். 1781-இல் மாசசூசெட்ஸில் அடிமைப் பெண் ஒருவர் மாநிலத்தின் புதிய அரசமைப்பைக் காட்டி வழக்காடி வென்றார். பின்னர் எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1796-இல் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டிலிருந்து தப்பிய ஓனா ஜட்ஜ், ஆள் அனுப்பி அழைத்தும் திரும்பவில்லை. இவர்களும் அந்தக் காலத்தவர்களே.

ஜெஃபர்சனைக் கடன் கட்டிப்போட்டது என்பார்கள். அதில் ஒரு பங்கு மாமனார் வழி வந்தது, உண்மைதான். ஆனால் தம் மான்டிசெல்லோ மாளிகையைப் பல ஆண்டுகள் கட்டிக் கட்டி இடித்ததும், பிரெஞ்சு மதுவை வரவழைத்ததும் அவருடைய சொந்த விருப்பம். அவர் எழுதிய சமத்துவக் கொள்கை அவருடைய தவற்றால் பொய்யாகிவிடாது. தவற்றுக்குப் பொறுப்பு மட்டும் அவருடையது, காலத்தினுடையதல்ல. 1826 ஜூலை 4-இல் அவர் இறந்தார். உயிலில் விடுதலை பெற்றவர்கள் ஐந்து பேர். அடுத்த ஜனவரியில், கடனை அடைக்க, மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டார்கள்.